பதினாலாம் பெட்டியில் பச்சை ஊசி

அவர் பொய் சொல்கிறார். ஏழாங்கட்டைத் தோட்டத்துக் குடிநீர்த் திட்டம் பதினோரு நாள் முன்னதாக முடிந்தது என்று உங்களுக்குப் பாடம் எடுக்க வருகிறாரே ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், அவரைத்தான் சொல்கிறேன். அந்தத் திட்டம் முன்னதாக முடியவில்லை. ஐந்து மாதம் தாமதமாக முடிந்தது. முடிந்தபோது தண்ணீர் பிடிக்க அங்கே கால்வாசி ஆள்கூட இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முடிந்தது என்று சுவரில் பச்சை ஊசி குத்தினவன் நான்.

போன மாதம் என் பக்கத்து வீட்டுப் பெண் அவருடைய பயிற்சித் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் உங்களில் ஒருத்தி, அரசாங்க வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அங்கிள், நீங்க வேலை பார்த்த ஆபீஸ்தானே இது, எவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க" என்றாள். தாளில் எங்கள் அம்புப் படம் அப்படியே அச்சாகியிருந்தது. பத்தொன்பது பெட்டிகள், நடுவில் அம்புகள். கீழே 'முன்மாதிரித் திட்டம்' என்று தடித்த எழுத்து. நான் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அவளிடம் அன்றைக்குச் சொல்லாததை இப்போது உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நடந்தது நடந்தபடி வரும்.

எழுபதுகளின் பிற்பாதி. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் நான் கிராணி, குமாஸ்தா வேலை. நடவடிக்கை அறை என் பொறுப்பு. அந்த அறையில் நாலு சுவரிலும் பலகை. மாவட்டத்தில் நடக்கும் வேலைகளெல்லாம் அதில் வரைபடமாகத் தொங்கும். வேலை முடிந்திருந்தால் பச்சை ஊசி, நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், பின்தங்கியிருந்தால் சிவப்பு. மேலிடத்திலிருந்து ஆள் வந்தால் குளிர்சாதனத்தைப் போட்டு, அறையைத் துடைத்து, காப்பி கொடுத்து, குச்சியால் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேசுவோம்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் முன்பச்சை. முடியப்போகிற வேலைக்கு முன்கூட்டியே பச்சை குத்திவிடுவது. விருந்தாளி பார்த்துவிட்டுப் போனதும் மஞ்சளுக்கு மாற்றிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தார். பெரிய தப்பாக யாரும் நினைத்ததில்லை. சுவரில் இருக்கிற பொய் சுவரிலேயே இருந்தது. அதனால் ஒரு ரோடு நீளவும் இல்லை, குறையவும் இல்லை.

பிறகு புது முறை வந்தது. திட்ட மேலாண்மை என்றார்கள். எங்களை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி போடு. எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று அம்பு போடு. வெள்ளிக்கிழமை தோறும் எந்தப் பெட்டி முடிந்தது என்று ஒரு தாளில் அடித்து எல்லா இலாகாவுக்கும் அனுப்பு. அவரவர் தங்கள் பெட்டி வந்ததும் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கலாம். இலாகாவுக்கு இலாகா கடிதம் எழுதிக் காத்திருக்கும் காலம் போயிற்று என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும். முறையின் மேல் நான் பழி போடவில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு சீனர், பொதுப்பணி இலாகா எஞ்சினியர். சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருப்பார். கடைசி நாள் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாரும் எழுந்துவிட்டோம். அப்போது அவர் ஒன்று சொன்னார். "பழைய பைலில் பொய் எழுதினால் அது பைலிலேயே கிடக்கும். இந்தப் படத்தில் எழுதினால் கிடக்காது. அம்பு வழியாக அடுத்தவன் கைக்குப் போகும். அவன் அதை நம்பி உண்மையாகவே ஒரு வேலையைச் செய்துவிடுவான்." நான் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அடிக்கோடுகூடப் போட்டேன். பிறகு சாப்பிடப் போனேன்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போவிலிருந்து ஏழாவது மைலில் இருந்த ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போனதும், வாங்கினவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். மரம் போயிற்று. வேலை போயிற்று. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் மட்டும் நின்றன. நாற்பத்திரண்டு குடும்பம். சிலர் ஈப்போவில் பேக்டரி வேலைக்குப் போனார்கள், சிலர் கட்டட வேலைக்குப் போனார்கள். குடியிருப்பு மட்டும் அங்கேயே.

லயம் நின்ற நிலம் அரசாங்கத்திடம் வந்திருந்தது. அங்கே குடியிருப்பவர்களுக்கே அதைப் பிரித்துக் கொடுப்பது என்று ஒரு முடிவு ஆகியிருந்தது. ஒரு நிபந்தனை. ஆண்டு இறுதியில் நிலத்துறை ஆள் வந்து பார்ப்பார். அன்று யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு. குறைந்தது முப்பது குடும்பமாவது இருந்தால்தான் அதைக் குடியிருப்பு என்று ஏற்றுக்கொள்வார்கள். அதாவது அந்த நாற்பத்திரண்டு குடும்பமும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நாள் வரை நகராமல் இருக்க வேண்டும். நாலு தலைமுறை பிறத்தியான் மரத்தைச் சீவினவர்களுக்கு முதல்முறையாகச் சொந்த மண். நான் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். என் அப்பாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர்தான். அந்த நிலம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

லயத்துக்கு நடுவில் ஒரு கிணறு. அதுதான் எல்லாருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கும். சுகாதார இலாகா பரிசோதித்து, குடிக்க ஏற்றதல்ல என்று எழுதிவிட்டது. அதனால்தான் திட்டம். ரோட்டில் போகும் பெரிய குழாயிலிருந்து லயத்துக்குக் கிளைக் குழாய், ஆறு பொதுக் குழாயடி, பிறகு கிணற்றை மூடுவது. புது முறையில் எங்கள் மாவட்டத்தில் போட்ட முதல் படம் அது. நான்தான் வரைந்தேன். பதினாலாம் பெட்டி: குழாயில் தண்ணீர் வருகிறது. அங்கிருந்து ஓர் அம்பு. பதினைந்தாம் பெட்டி: கிணற்றை மூடு, சுகாதார இலாகா.

படம் தயாரானதும் லயத்துக்குப் போய் விளக்கினேன். அஞ்சலை அக்கா என்று ஒருவர். முன்னாள் பால்மர வெட்டுக்காரி. புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள். லயத்தில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் அவரிடம்தான் போகும், அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்றாலும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா தம்பி, தாயக்கட்டம் மாதிரி இருக்கு."

"திட்டம் அக்கா. இந்தக் கட்டம் முடிஞ்சாத்தான் அடுத்த கட்டம்."

"அப்ப குழாய்ல தண்ணி வந்த பொறவுதான் கிணத்த மூடுவாங்க?"

"ஆமா. அதுக்குத்தான் இந்த அம்பு."

"எழுத்துல இருக்குல்ல? பொறவு மாத்த மாட்டாங்கல்ல?"

"நான்தானே எழுதுறேன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் சிரித்தார். "நம்ம பிள்ளை எழுதுறான்லா. இனி என்னா பயம்." தோட்டத்தில் கங்காணி சொன்னதையும் கிராணி சொன்னதையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆபீஸிலிருந்து தாள் வந்தால் அது நடக்கும் என்பது அவர்களுக்கு நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. பழக்கம்.

இனி அந்த அதிகாரி. அப்போது அவர் துணை மாவட்ட அதிகாரி. நம்மவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கெட்டிக்காரர். எங்களிடம் கத்தமாட்டார். தமிழில்தான் பேசுவார். மற்ற அதிகாரிகளுக்கு முன்னால் நம்மவர் தோற்றுப்போகக் கூடாது என்று அடிக்கடி சொல்வார். அது எனக்கும் பிடித்த பேச்சு.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நடவடிக்கை அறைக்கு வந்தார். மறுநாள் மாநிலத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். சுவரில் ஏழு திட்டம் இருந்தது. நாலு சிவப்பு, இரண்டு மஞ்சள். ஏழாங்கட்டைதான் பதிமூன்று பெட்டி வரை பச்சையாக ஓடிவந்து பதினாலில் மஞ்சளாக நின்றது.

"இதப் பச்சையாக்குங்க தம்பி."

"தண்ணி இன்னும் வரல சார். பெரிய குழாயோட சேக்கிற வேலை பாக்கி இருக்கு. கெடு வர இன்னும் பதினோரு நாள் இருக்கே."

"குழாய் பொதைச்சாச்சா?"

"பொதைச்சாச்சு."

"குழாயடி ஆறும் நிக்குதா?"

"நிக்குது."

"அப்புறம் என்னலா? அடுத்த வாரம் சேத்துடுவாங்க. நாளைக்கு ஒண்ணாவது காட்டணும். முன்பச்சை போடுங்க."

நான் கையில் ஊசியை வைத்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடம் இருக்கும். அந்த எஞ்சினியர் சொன்னது நினைவுக்கு வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. வந்திருந்தால் எழுதுவதற்கு நன்றாக இருக்கும். நான் நினைத்ததெல்லாம் என் படம் நாளைக்கு நன்றாக இருக்கும் என்பதுதான். மஞ்சளைப் பிடுங்கிப் பச்சையைக் குத்தினேன்.

மறுநாள் பெரியவர் ஒருவர் அந்தப் பலகை முன்னால் நின்று, இதை யார் வரைந்தது என்று கேட்டார். துணை அதிகாரி என்னைக் கை காட்டினார். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வாழ்நாளில் அந்த மாதிரி ஆள் ஒருவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல்முறை. பெருமையாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நானும் அந்தத் துணை அதிகாரியைப்போல் ஆகிவிடுவேன்.

பழைய வழக்கப்படி விருந்தாளி போனதும் ஊசியை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. பெரியவர்கள் அறிக்கையில் ஏழாங்கட்டையைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று துணை அதிகாரி சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமை. வாரத் தாள் அடிக்கும் நாள். சுவரில் என்ன இருந்ததோ அதை அடித்தேன். பதினாலு, முடிந்தது. கீழே என் கையெழுத்து. எல்லா இலாகாவுக்கும் போயிற்று.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெலிபோன். சுகாதார இலாகா மேற்பார்வையாளர். மலாய்க்காரர், எதையும் இரண்டு தடவை கேட்டுச் செய்கிற மனிதர். மலாயில்தான் பேசினோம்.

"ஏழாங்கட்டையில் பதினாலு முடிந்ததுதானே? கிணற்றை மூட இன்றைக்கு லாரி இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன்."

படத்தின்படி அவர் கேட்க வேண்டியதே இல்லை. ஆனாலும் கேட்டார். இளையவர்களே, உங்களுக்கும் இந்த டெலிபோன் ஒருநாள் வரும். பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாரோ ஒரு நல்ல மனிதர் உங்களுக்கு வழி விட்டுக் கொடுப்பார். எனக்குக் கொடுத்தார். "கொஞ்சம் பொறுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொன்னால் போதும். சொன்னால், வியாழக்கிழமை பெரியவர்களுக்குக் காட்டியது பொய் என்று ஆகிவிடும்.

"தாளில் என்ன இருக்கிறது?" என்றேன்.

"முடிந்தது என்று இருக்கிறது."

"அப்புறம் என்ன."

பாருங்கள், பொய்யைக்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரையே சொல்லவைத்தேன். எதிர் மேசையில் துணை அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "யாரு?" என்றார்.

"சுகாதாரம் சார். ஏழாங்கட்டைக் கிணறு. இன்னிக்கு மூடுறாங்களாம்."

"ம்" என்றார். மறுபடி குனிந்துகொண்டார்.

அந்த ஒரு 'ம்' அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. கிணறு மூடுவது தனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. தண்ணீர் வரவில்லை என்பது புதன்கிழமையே அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் ஏழாங்கட்டைக்குப் போனேன். கிணறு இருந்த இடத்தில் ஈயச் சுரங்கத்திலிருந்து வாரிவந்த மணலும் கல்லுமாக ஒரு மேடு. மேட்டின் மேல் மஞ்சள், குங்குமம், உடைத்த தேங்காய், எரிந்து கரிந்த சூடம். வற்றாத கிணற்றைச் சும்மா மூடக்கூடாது என்று பெண்கள் கும்பிட்டுவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். ஆறு குழாயடியிலும் பொட்டு வைத்திருந்தார்கள். ஒன்றைத் திறந்து பார்த்தேன். காற்றுகூட வரவில்லை.

அஞ்சலை அக்கா வீட்டு வாசலில் அண்டா, வாளி, பால் வாளி, குழம்புச் சட்டி என்று இருக்கிற பாத்திரத்திலெல்லாம் கிணறு மூடும் முன் இறைத்த தண்ணீர்.

"குழாய்ல வரலையேன்னு சொன்னேன் தம்பி. அந்த மலாய்க்காரரும் நல்ல மனுசன்தான், ஒரு நிமிசம் யோசிச்சாரு. பொறவு தாளக் காட்டினாரு. உங்க ஆளுதான் கையெழுத்துப் போட்டிருக்காருன்னு ஒம் பேரப் படிச்சாரு. ஒம் பேரு எனக்குத் தெரியும்லா. நம்ம பிள்ளை போட்டிருந்தா அதுல ஏதோ இருக்கும்னு நாந்தான் கிணத்தச் சுத்தி நின்ன எல்லாரையும் வெலகச் சொன்னேன். என்னைக்கு வரும் தண்ணி?"

"அடுத்த வாரம் அக்கா."

அடுத்த வாரம் பெரிய குழாயோடு சேர்த்தார்கள். ரோட்டுப் பக்கத்துக் குழாயடியில் நூல் மாதிரி வந்தது. மேட்டில் இருந்த மற்ற ஐந்திலும் சொட்டுக்கூட இல்லை. அழுத்தம் போதாது, பம்ப் வைக்க வேண்டும் என்றார்கள். பதினாலாம் பெட்டி மஞ்சளாக இருந்திருந்தால் அதே திட்டத்தில் ஒரு பெட்டியைச் சேர்த்துப் பம்ப் வாங்கியிருப்போம். அதற்குத்தானே இந்த முறையே வந்தது. ஆனால் பதினாலும் பதினைந்தும் முடிந்து, மீதிச் சில்லறை வேலைகளும் முடிந்து, பதினாலு பச்சையான தேதியையே முடிந்த தேதியாகப் போட்டுத் திட்டத்தையே மூடிவிட்டிருந்தார்கள். முடிந்த திட்டத்துக்குப் பம்ப் கேட்க முடியாது. புதுத் திட்டமாக எழுதி முதலிலிருந்து வரவேண்டும்.

துணை அதிகாரியிடம் போனேன். "பதினால மஞ்சளாக்கிடலாம் சார்" என்றேன்.

"பச்சையானது மஞ்சளானா மேல என்னா சொல்வாங்க தெரியுமா? ஒங்களுக்கும் சுசா, எனக்கும் சுசா, தொல்லைதான். நம்ம ஆளுங்கன்னா இப்படித்தான்னு பேசுவானுங்க. தண்ணி லாரி அனுப்பச் சொல்லுங்க, போதும்."

தண்ணீர் இலாகாவுக்குப் பேசினேன். குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்துக்குத்தான் லாரி அனுப்புவோம், உங்கள் தாளில் ஏழாங்கட்டைக்குத் தண்ணீர் இருக்கிறதே என்றார்கள். டெலிபோனை வைத்துவிட்டேன்.

ஒரு நண்பரின் வேனில் ஞாயிற்றுக்கிழமை டிரம்மில் தண்ணீர் கொண்டுபோனேன். நாற்பத்திரண்டு வீட்டுக்கு நாலு டிரம். மூன்று ஞாயிறு போனேன். நாலாவது ஞாயிறு சித்தியவானில் சொந்தக்காரர் கல்யாணம் இருந்தது. அதற்குப் பிறகு போகவில்லை.

ரோட்டுப் பக்கத்துக் குழாயடியில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு வாளி நிரம்ப அரை மணி நேரம். பேக்டரி பஸ் தவறிப்போய்ச் சம்பளம் வெட்டுப்பட்டவர்கள் முதலில் கிளம்பினார்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்த வீடுகள். ஈப்போ ஓரத்தில் புறம்போக்கில் பலகை வீடு கட்டினவர்கள் சிலர். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்துக்குப் போனவர்கள் சிலர். தண்ணீர் வந்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் போனார்கள். அஞ்சலை அக்கா வீடு வீடாகப் போய், "இன்னும் ரெண்டு மாசம்தானே, பொறுத்துக்க" என்று கெஞ்சியிருக்கிறார். "ஒனக்கென்ன அக்கா, பெரிய பிள்ளைங்க. நான் கைக்குழந்தைய வச்சிக்கிட்டு எதுல கழுவுறது" என்று ஒருத்தி கேட்டாளாம்.

ஆண்டு இறுதியில் நிலத்துறை ஆள் வந்தபோது ஒன்பது குடும்பம்.

அதற்கு அடுத்த மாதம் பம்ப் வந்தது. ஆறு குழாயடியிலும் தண்ணீர் பாய்ந்தது.

குடியிருப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். தண்ணீர் இல்லாமல்தான் ஆட்கள் போனார்கள், திரும்பி வருவார்கள் என்று அஞ்சலை அக்கா யாரையோ பிடித்து மலாயில் மனு எழுதிப் போட்டார். பதில் வந்தது. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார். நான் படித்துச் சொன்னேன். இன்ன தேதியில் அங்கே குழாய்த் தண்ணீர் கொடுக்கப்பட்டுவிட்டதாக மாவட்ட அலுவலகப் பதிவு காட்டுகிறது, எனவே தண்ணீர் இல்லாமல் வெளியேறினார்கள் என்பதை ஏற்க முடியாது. தேதி நான் பச்சை ஊசி குத்தின தேதி.

அவர் கடிதத்தை என் பக்கமே நகர்த்தினார். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு பக்கம் எழுதிக் குடு தம்பி. அன்னைக்கு தண்ணி வரலன்னு. ஒங் கையெழுத்தாலதான் மூடினாங்க. ஒங் கையெழுத்தாலயே தெறக்கட்டும்."

"பாக்கலாம் அக்கா."

"பாக்கலாம்னா?"

"பாத்துட்டு சொல்றேன் அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் 'பாக்கலாம்' என்றால் என்ன என்று தெரியும். கிராணிமார்கள் சொல்கிற சொல் அது. என் அப்பாவிடம் சொன்ன சொல். அவர் கடிதத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

அன்று மாலை நான் எழுதினேன். அதையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம், மலாயில், சுத்தமாக. கையெழுத்து மட்டும் போடவில்லை. துணை அதிகாரியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து என் பதவி உயர்வுப் பரிந்துரையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒங்களுதுதான் தம்பி. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். மிரட்டல் மாதிரிகூட இல்லை. காப்பியா தேத்தண்ணியா என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் என் கடிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதவி உயர்வு இரண்டு மாதத்தில் வந்தது. அவருக்குப் பாராட்டுக் கடிதமும் பெரிய இடத்துக்கு மாற்றலும் வந்தது.

ஒன்பது குடும்பத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கடைவரிசை கட்டினார்கள். கிணறு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். நானே ஒரு தடவை தெரியாமல் அங்கே நிறுத்திவிட்டு இறங்கி, குழாயடியின் சிமெண்டுத் திட்டு ஒன்று மிச்சமிருப்பதைப் பார்த்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

ஓய்வுபெற்ற பிறகு அஞ்சலை அக்காவைத் தேடிப் போனேன். ஈப்போவில் ஒரு மலிவு அடுக்குமாடியில் மகளோடு இருந்தார். நாலாவது மாடி. என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். சமையலறையில் குழாயைத் திறந்து கிளாஸில் தண்ணீர் பிடித்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இங்க தண்ணி நல்லா வருது" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொன்னேன். முழுக் கதையையும் சொன்னேன், ஊசி, டெலிபோன், இழுப்பறை எல்லாம். கையெழுத்துப் போடாத அந்தப் பக்கத்தையும் காட்டினேன். அவர் அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். மலாய் படிக்க இன்னமும் தெரியாது.

"எழுதித்தான் வச்சிருந்தியா" என்றார். "எழுதவே இல்லன்னு இத்தனை வருசம் நெனச்சேன். அப்படியே நெனச்சிட்டு இருந்திருந்தாகூட நல்லா இருந்திருக்கும்."

பிறகு, "எங்கிட்ட எதுக்கு சொல்ற தம்பி? எனக்குத்தான் தெரியுமே அன்னைக்கு தண்ணி வரலன்னு. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

அதையும் உடனே செய்யவில்லை. அந்தப் பயிற்சித் தாளைப் பார்க்கும்வரை செய்யவில்லை.

புதிதாக வந்தவர்களே, படம் வரையுங்கள். பெட்டி போடுங்கள், அம்பு போடுங்கள். இப்போது ஊசியும் பலகையும் போய் வேறு கருவிகள் வந்திருக்கும். நாங்கள் படத்தை வாங்கிக்கொண்டோம், முன்பச்சையை விடவில்லை. அதுதான் எங்கள் தப்பு. முடிந்தது என்று எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் போங்கள். குழாயை உங்கள் கையால் திறங்கள். அடுத்த பெட்டியில் யார் நிற்கிறார், நீங்கள் எழுதுவதை நம்பி அவர் எதை மூடப் போகிறார் என்று பாருங்கள். தப்பாக எழுதிவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். அன்றைக்கு மாற்றினால் ஒரு ஊசிதான். பிறகு மாற்ற நினைத்தால் நாற்பத்திரண்டு குடும்பம். அப்போது உங்களுக்குத் துணிச்சல் வராது. எனக்கு வரவில்லை.

சார், உங்களுக்கு. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த பயிற்சி ஈப்போவில், அதே மண்டபத்தில்தான் என்று அந்தப் பெண் சொன்னாள். முதல் வரிசையில் உட்கார வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமைத் தாளின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது, என் கையெழுத்தோடு. கையெழுத்துப் போடாத அந்தப் பக்கமும் இருக்கிறது. அதில் நேற்று போட்டுவிட்டேன். நாற்பது பேருக்கு முன்னால் என் பங்கை நான் எழுந்து நின்று சொல்கிறேன். நீங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசலாம் என்று சொல்லாதீர்கள். வரமாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால், ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பதினாலாம் பெட்டி பச்சையான அன்று ஏழாங்கட்டையில் தண்ணீர் வந்ததா, வரவில்லையா?